நாட்டின் கடனும் உங்கள் அடகுச் சீட்டும்

கேள்வி: வவுனியாவில் தனியார் நிறுவனம் ஒன்றில் வேலை செய்கிறேன். 2021 ஒக்டோபரில் தம்பியின் வான் லீசிங் முற்பணத்துக்காக நகைகளை 4 லட்சத்துக்கு அடகு வைத்தேன். வருடா வருடம் வட்டியையும் கடனோடு சேர்த்து மறுபடி அடகு வைக்கிறேன். வானும் போய்விட்டது. இப்போது வெளிநாடு போக ஏஜென்சிக்குக் கட்ட மிச்ச நகையையும் கேட்கிறான். நாட்டின் கடன் மறுபடி சிக்கலாகும் என்கிறார்கள். நிலையான வைப்பில் இருக்கும் இரண்டரை லட்சத்தை எடுத்து கிரிப்டோவில் போடலாமா?

பதில்: வேண்டாம். மத்திய வங்கியே பல தடவை எச்சரித்த பொருள் அது. அதில் நேரத்தை வீணாக்காமல் அடகுச் சீட்டுகளுக்கு வருவோம்.

பெற்றோல் வரிசையில் நின்ற உங்களுக்கு 2022ஐ நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் நாட்டின் கடன் உங்கள் வீட்டுக்குள் எந்த வழியாக வந்தது என்பதைக் கவனிக்கவில்லை போலிருக்கிறது. அந்த ஏப்ரல் 8ஆம் திகதி மத்திய வங்கி, மற்ற வங்கிகளின் வட்டிக்கு அடிப்படையான கொள்கை வட்டியை ஒரேயடியாக 7 சதவீதப் புள்ளி கூட்டியது. நான்கு நாள் கழித்து, வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அரசாங்கம் அறிவித்தது. 8% ஆக இருந்த வற் வரி 2024இல் 18% ஆனது. உங்கள் சேமலாப நிதி அரசாங்கத்துக்குக் கடன் கொடுத்து வைத்திருந்த பழைய பிணைமுறிகளும் 2025 வரை 12% வட்டி, அதன்பின் 9% என்று மாற்றப்பட்டன. இவற்றில் எதையும் உங்களால் தடுத்திருக்க முடியாது. வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கும் கடனை மட்டும் நீங்களாகத்தான் வைத்திருந்தீர்கள். நாட்டு வட்டி ஏறினால், அடுத்த புதுப்பிப்பிலேயே அது உங்கள் தலையில் விழும்.

நீங்கள் அனுப்பிய சீட்டுகளில் வட்டி வருடவாரியாக 10%, 24%, 18%, 14%. கணக்கு இப்படிப் போகிறது: 4 லட்சம், 4.40, 5.46, 6.44, இப்போது 7.34. அசலில் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. பவுண் விலை ஏறியதால் வங்கியும் தயங்காமல் கூட்டிக் கொடுத்திருக்கிறது. நகை இன்னும் கைவிட்டுப் போகாததால் நட்டம் உங்கள் கண்ணில் படவில்லை, அவ்வளவுதான்.

அப்புறம் அந்த வைப்பு. 8% என்றால் வருடத்துக்கு 20,000 வரும், அதிலும் வரி பிடிப்பார்கள். அதே இரண்டரை லட்சத்துக்கு அடகில் நீங்கள் கட்டுவது 35,000. தெரிந்தே 15,000 போகிறது.

அவசரத்துக்கு 50,000 வைத்துக்கொண்டு வைப்பை உடையுங்கள். மிச்சம் இரண்டு லட்சத்தால், மூன்று சீட்டில் காப்பு இருக்கும் சின்னச் சீட்டை முதலில் மீட்டு, காப்பை விற்றுவிடுங்கள். மனம் வராது, தெரியும். ஆனால் 2021ஐ விட விலை இரண்டு மடங்குக்கு மேல் ஏறியிருக்கிறது, விற்க இதைவிடக் காரணம் வேண்டாம். அந்தக் காசு மற்ற இரண்டு சீட்டுக்கும் போகட்டும். காப்பு நாலு லட்சம் அளவில் போனால், மிச்சக் கடன் ஒரு லட்சம், ஒன்றரை லட்சம்தான் நிற்கும். மாதம் 10,000 வீதம் கட்டினால் ஒன்றரை வருடத்துக்குள் முடியும்.

தம்பிக்கு நகை கொடுக்காதீர்கள். ஏஜென்சி வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிவானதா, உரிமம் காலாவதியாகவில்லையா என்று நீங்களே கேட்டுப் பாருங்கள். பதிவு இருந்தாலும் காசைத் தம்பியே தன் பெயரில் கடன் எடுத்துக் கட்டட்டும். பிணைக் கையெழுத்தும் போடாதீர்கள்.