செலோவும் எதிரொலியும்

அன்புள்ள அக்கா,

எதிரொலி மெஷினோடு செலோ வாசித்துப் பாடிய அமெரிக்கர் ஆர்தர் ரஸ்ஸலைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, வயலினின் பெரிய அக்காபோன்ற அவருடைய செலோவைத் தேடிக் கேட்டேன். டச்பே கடற்கரையில் இருந்தபடி ஃபோனில்தான். பாதி நேரம் வெறும் இரைச்சலாக இருந்தது. நான் வயலின் படிக்கிறேன். சுருதி சேர்க்கவே நாங்கள் படாத பாடு படுகிறோம். மெஷினே திருப்பித் திருப்பி வாசித்துக் கொடுத்தால் வாசிப்பவரின் திறமை எங்கே?

சு., திருகோணமலை

அன்புள்ள தங்கச்சி,

முதலில், ஃபோன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். செலோவின் அடித்தந்தி 65 ஹெர்ட்ஸ் அளவில் ஒலிப்பது. அந்தக் குட்டி ஸ்பீக்கரில் அடிநாதம் போய்விடும், வில் உரசுவது மட்டும் மிஞ்சும். அதுவும் அலைச் சத்தத்துக்கு நடுவில்! இரவில் ஹெட்போன் போட்டுக் கேளுங்கள்.

சரி, திறமைக்கு வருவோம். அந்த மெஷின் தானாக எதையும் வாசிப்பதில்லை. செலோவின் ஒலியை வாங்கிச் சற்றுத் தாமதித்துத் திருப்பித் தருகிறது. லூப் பெடல் என்றால் ஒரு வரியைப் பிடித்துவைத்துத் திரும்பத் திரும்ப ஓட்டும், அதன்மேல் அடுத்த வரியை வாசிக்கலாம். இதில் சுருதி கொஞ்சம் விலகினால் அந்த விலகலும் திரும்பத் திரும்ப வரும். கச்சேரியில் ஒரு ஸ்வரம் பிசகினால் அடுத்த சங்கதியில் சமாளித்துவிடலாம். இங்கே பிசகு போகாமல் கூடவே நிற்கும். அதை வைத்துக்கொண்டு அடுத்து எங்கே போவது என்று அந்த நொடியில் முடிவெடுக்க வேண்டும். திரும்பி வந்த ஒலியையே மறுபடி உள்ளே அனுப்பினால் அது பெருகி ஊளையிடத் தொடங்கும், அதையும் காதால் அளந்து கட்டுப்படுத்த வேண்டும். ராக ஆலாபனை செய்கிறவர்களுக்கு இந்த விழிப்பு என்னவென்று நான் சொல்லத் தேவையில்லை.

ரஸ்ஸல் 1951இல் அயோவாவில் பிறந்தவர். கலிபோர்னியாவில் சரோத் மேதை அலி அக்பர் கானின் கல்லூரியில் இந்துஸ்தானி இசை படித்திருக்கிறார். 1986இல் வந்த அவருடைய ‘வேர்ல்ட் ஆஃப் எக்கோ’ ஆல்பம் பெரும்பாலும் செலோ, அவர் குரல், எதிரொலி, இவ்வளவுதான். குரல் எங்கே முடிகிறது, தந்தி எங்கே தொடங்குகிறது என்று பிரிக்க முடியாத இடங்கள் அதில் இருக்கின்றன. எனக்கு அவைதான் உயிர். 1992இல், நாற்பது வயதில் இறந்துபோனார். இன்னும் எவ்வளவோ வாசித்திருக்க வேண்டியவர்.

உங்கள் புகாரில் நியாயம் இல்லாமல் இல்லை. அடுக்கின்மேல் அடுக்காக ஏற்றிக்கொண்டே போய், கடைசியில் எதுவும் சொல்லாமல் முடிக்கிறவர்கள் நிறையப் பேர். ரஸ்ஸல் அப்படி இல்லை. அவர் இடைவெளி விடுகிறார், தேய்ந்து வருகிற ஒலிக்காகக் காத்திருக்கிறார்.

அப்புறம், அந்த இரைச்சல். உங்கள் வயலினிலேயே அது இருக்கிறது. குதிரைக்கு, அதாவது தந்திகளைத் தாங்கி நிற்கும் சின்னக் கட்டைக்கு, மிக அருகே வில்லை வைத்து, அழுத்தாமல், மெதுவாக இழுத்துப் பாருங்கள். வழக்கமான நாதம் மெலிந்து, அதற்குள் இருக்கும் மேல் ஒலிகள் கண்ணாடிபோலக் கூர்மையாக எழும். மேற்கத்திய செவ்வியல் இசையில் இசையமைப்பாளர்கள் அதை எழுதியே கேட்கிறார்கள். நம் பாடத்தில் அதைத் தவிர்க்கத்தான் சொல்லித்தருவார்கள், அதுவும் சரிதான். ஆனால் அசுர சாதகம் முடிந்தபின் ஒரு பத்து நிமிடம் அங்கேயே வில்லை வைத்திருந்து, என்னென்ன கேட்கிறது என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா