பழைய ஏர் கம்ப்ரஸர்: பெயின்டைப் பார்த்துப் பணம் கொடுக்காதீர்கள்

கேள்வி: வீட்டின் பின்புறத்தில் சிறிய மரவேலைப் பட்டறை வைத்திருக்கிறேன். 2 எச்.பி. மோட்டாரும் 100 லிட்டர் டேங்கும் உள்ள பழைய கம்ப்ரஸர் விலைக்கு வந்திருக்கிறது. ஓட்டிக் காட்டினார்கள், சத்தம் சீராக இருக்கிறது. வேறு என்ன பார்க்க வேண்டும்? (ஈரோடு)

பதில்: சத்தம் சீராக இருப்பதால் காற்று போதுமான அளவு வரும் என்று சொல்ல முடியாது. நிமிடத்துக்கு எவ்வளவு காற்றை அது டேங்கில் அடைக்கிறது என்பதை நீங்களே அளந்து பார்க்க வேண்டும். அதற்குக் கைப்பேசியில் உள்ள கடிகாரமும், கையோடு கொண்டு செல்லும் நம்பகமான பிரஷர் கேஜும் போதும். முதலில் டேங்கின் அடியில் உள்ள டிரெயின் காக்கைத் திறந்து தேங்கிய தண்ணீரை முழுவதும் வெளியேற்றச் சொல்லுங்கள். தண்ணீர் நிற்கும் டேங்கில் காற்றுக்கு இடம் குறைவு என்பதால், தேய்ந்துபோன கம்ப்ரஸர்கூட விரைவாக நிரப்புவதாகத் தோன்றும். இதைத் தெரிந்தே தண்ணீரை விட்டுவைக்கும் விற்பனையாளர்கள் இருக்கிறார்கள்.

பிறகு ஓடவிட்டு, அழுத்தம் 4 பாரிலிருந்து (பார் என்பது அழுத்தத்தின் அலகு) 6 பாருக்கு ஏற எத்தனை வினாடி ஆகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். 100 லிட்டர் டேங்கில் 2 பார் ஏறினால், வெளிக்காற்றின் அளவில் 200 லிட்டர் காற்று உள்ளே போயிருக்கிறது. அதற்கு 80 வினாடி ஆனால் நிமிடத்துக்கு 150 லிட்டர், அதாவது 5 சி.எஃப்.எம்.முக்கு (நிமிடத்துக்கு இத்தனை கன அடி என்ற அளவு) சற்று மேல், 2 எச்.பி. மோட்டாருக்கு அது குறை சொல்ல முடியாத அளவு. இரண்டரை நிமிடம் ஆனால் கிடைப்பது 80 லிட்டர்தான், பிஸ்டன் ரிங்கோ வால்வு பிளேட்டோ தேய்ந்திருக்கிறது என்று பொருள். ஏர் ஃபில்டரின் வாயருகே கையை வைத்தால் காற்று உள்ளே இழுக்கப்பட வேண்டும். கையின் மீது திரும்ப ஊதினால் வால்வு போய்விட்டது. ஆயில் பால்போல வெளுத்திருந்தால் அதில் தண்ணீர் கலந்திருக்கிறது. ஆணி அடிக்கும் துப்பாக்கிக்கு 150 லிட்டர் தாராளம். காற்றில் ஓடும் சாண்டருக்கு 250 லிட்டருக்கு மேல் வேண்டும் என்பதால், அந்த வேலை உங்களுக்கு உண்டா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.

கேள்வி: பழைய எல்.பி.ஜி. சிலிண்டரையும் ஃபிரிட்ஜ் கம்ப்ரஸரையும் இணைத்து ஒருவர் செய்து தருகிறார். வாங்கலாமா? (கரூர்)

பதில்: கூடாது, அந்தச் சிலிண்டர் விற்பவருக்கே சொந்தமில்லை, எண்ணெய் நிறுவனத்தின் சொத்து.

கேள்வி: டேங்கின் அடியில் ஊசித்துளை அளவு ஓட்டை இருந்தது, வெல்டிங் வைத்து அடைத்துவிட்டோம், இனிப் பயமில்லை என்கிறார் விற்பவர். விலையிலும் குறைத்துத் தருகிறார். (திண்டுக்கல்)

பதில்: இலவசமாகக் கொடுத்தாலும் அந்த டேங்கை வீட்டுக்குள் கொண்டு வராதீர்கள். காற்றை அழுத்தும்போது அதிலுள்ள ஈரம் தண்ணீராகி டேங்கின் அடியில் தேங்குகிறது. அன்றாடம் அதை வடிக்காத பட்டறையில் அடித்தகடு உட்புறமாகத் துருப்பிடித்து மெலிந்துகொண்டே வரும். வெளியே இருந்து பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது. கண்ணுக்குத் தெரிகிற ஊசித்துளை அந்த மெலிவின் கடைசிக் கட்டம். துளையைச் சுற்றியுள்ள தகடும் அதே அளவு மெலிந்திருக்கும்போது, அதன்மேல் வைத்த வெல்டிங் எதைப் பிடித்து நிற்கும்? 40 சென்டிமீட்டர் விட்டமுள்ள டேங்கில் 7 பார் காற்று இருந்தால், அதன் ஒவ்வொரு பக்கத்து மூடியையும் ஏறத்தாழ 9 டன் விசை வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறது. அந்த டேங்குக்கு அருகில்தான் உங்கள் பிள்ளைகள் வந்து நிற்பார்கள்.

நான் வாங்கிய முதல் பழைய கம்ப்ரஸரின் டேங்க் புதிதாகப் பெயின்ட் அடித்துப் பளபளப்பாக இருந்தது. அடிப்பகுதியைச் சுரண்டியபோது பட்டி பார்த்து மறைத்த துருக்குழிகள் வெளிப்பட்டன. டேங்கை இரும்புக் கடைக்கே போட வேண்டியதாயிற்று. அது முதல், புதுப் பெயின்ட் அடித்த பழைய டேங்கை நான் சந்தேகத்துடன்தான் பார்க்கிறேன். பம்ப்பைச் சரி செய்யலாம், மோட்டாரை ரீவைண்டிங் செய்யலாம், மெலிந்த தகட்டைத் தடிப்பாக்க வழியில்லை. டேங்கில் வேலை அழுத்தமும் சோதனை அழுத்தமும் பொறித்த தகடு இருக்க வேண்டும். அது பிடுங்கப்பட்டிருந்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். தகடு இருந்தாலும், டேங்கைத் தண்ணீரால் முழுவதும் நிரப்பி, கைப்பம்பால் வேலை அழுத்தத்தைப்போல் ஒன்றரை மடங்கு ஏற்றிச் சோதித்துத் தரச் சொல்லுங்கள். தண்ணீர் அநேகமாகச் சுருங்காது என்பதால், டேங்க் விட்டுக்கொடுத்தாலும் நீர் பீறிடுவதோடு நின்றுவிடும். இந்தச் சோதனையைக் காற்றை வைத்து ஒருபோதும் செய்யக்கூடாது. வெல்டிங் வைத்த டேங்குகளை ஒன்றும் அறியாதவர்களுக்கு விற்பது உயிரோடு விளையாடும் குற்றம் என்றே நான் கருதுகிறேன்.

கேள்வி: இரவில், மின்சாரம் இல்லாத ஒரு கிடங்கில், ஓட்டிப் பார்க்காமல் வாங்கினேன். இப்போது மோட்டார் நின்ற பிறகும் பிரஷர் ஸ்விட்ச்சிலிருந்து காற்று விடாமல் சீறுகிறது. (சேலம்)

பதில்: ஓடாத இயந்திரத்துக்கு முழுப் பணத்தையும் ஏன் கொடுத்தீர்கள்? மறுநாள் பகலில் வருகிறேன் என்று சொல்ல ஒரு நிமிடம் போதுமே. மோட்டார் நிற்கும்போது ஒரு கணம் சீறுவது இயல்பு. தொடர்ந்து சீறினால், டேங்கின் வாயில், காற்று திரும்பி வராமல் தடுக்கும் நான்-ரிட்டர்ன் வால்வு பெரும்பாலும் கசிகிறது. பிளக்கைப் பிடுங்கி, டேங்கின் காற்றை முழுவதும் இறக்கிவிட்டுக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். சரியாகாவிட்டால் வால்வை மாற்றுங்கள். பெரிய செலவில்லை.

கேள்வி: இணையத்தில் விளம்பரம் செய்தவர் தாம் ராணுவத்தில் இருப்பதாகவும், முன்பணம் கொடுத்தால் லாரியில் அனுப்புவதாகவும் சொன்னார். பணம் போனது, பிறகு "திருப்பித் தருகிறேன்" என்று அனுப்பிய க்யூஆர் குறியீட்டிலும் பணம் போனது. என் அறியாமை என்று வீட்டில் திட்டுகிறார்கள். (நாகர்கோவில்)

பதில்: உங்களைத் திட்டுவதில் நியாயமில்லை, ராணுவச் சீருடையின் மீது மக்களுக்குள்ள மதிப்பைப் பயன்படுத்தி நாடு முழுவதும் ஏமாற்றும் கூட்டத்தின் வேலை இது. தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் செய்யுங்கள். விரைவாகப் புகார் பதிவானால், பணம் சென்ற கணக்கை முடக்க வாய்ப்பு உண்டு. வங்கிக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். பணம் பெறுவதற்குக் குறியீட்டை ஸ்கேன் செய்யவோ பின் எண்ணை அழுத்தவோ தேவையே இல்லை என்பதை, உங்களைத் திட்டியவர்களுக்கும் சொல்லி வையுங்கள்.

கேள்வி: பழைய இயந்திரக் கடையில் "எல்லாம் புது ரிங்" என்று சொல்லி விற்றார்கள். வீட்டில் பஞ்சர் வேலை செய்து பிழைக்கிறேன். ஒரு மாதத்தில் ஆயில் காற்றோடு வெளியே வருகிறது. திறந்து பார்த்தால் பழைய ரிங். கடைக்காரர் பேச மறுக்கிறார். (மதுரை)

பதில்: பழைய பொருளை விற்றாலும் அவர் வணிகர்தான். தொழிலுக்கு வாங்கியதால் நீங்கள் நுகர்வோர் இல்லை என்று அவர் வாதிடலாம். ஆனால் பிழைப்புக்காகச் சுயதொழில் செய்பவரை 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் விலக்கவில்லை. பில், விளம்பரத்தின் படம், மெக்கானிக்கின் எழுத்துக் குறிப்பு ஆகியவற்றோடு முதலில் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் வழக்குத் தொடுக்கலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை, வழக்கறிஞர் இல்லாமலும் வாதாடலாம். 1915 என்ற உதவி எண்ணும் இருக்கிறது. விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: மூன்று ஃபேஸ் மோட்டார் உள்ள கம்ப்ரஸர் மலிவாகக் கிடைக்கிறது. வீட்டில் ஒற்றை ஃபேஸ்தான். (தஞ்சாவூர்)

பதில்: மோட்டாரை மாற்றும் செலவையும் விலையோடு கூட்டிப் பாருங்கள், பெரும்பாலும் அந்த மலிவு கரைந்துவிடும். ஒற்றை ஃபேஸ் மோட்டார் உள்ளதையே தேடுங்கள். அதையும் நீளமான மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயரில் ஓட்டாதீர்கள், வோல்டேஜ் குறைந்து மோட்டார் கருகிவிடும். கம்ப்ரஸரைப் பிளக் அருகிலேயே நிறுத்திவிட்டுக் காற்றுக் குழாயை நீளமாக வாங்குங்கள்.