ஒத்தியும் குத்தகையும் ஒன்றா?

கேள்வி: பாளையங்கோட்டையில் வீடு பேசியிருக்கிறோம். ஐந்து லட்சம் கொடுத்தால் மூன்று வருஷம் இருக்கலாம், வாடகை கிடையாது, காலி பண்ணும்போது பணம் திரும்ப வந்துவிடும். வீட்டுக்கார அம்மா இதை ஒத்தி என்கிறார், சென்னைத் தம்பி போக்கியம் என்கிறான், பத்திரம் எழுதுகிறவரோ 'குத்தகை' என்று அடித்து வைத்திருக்கிறார். எல்லாம் ஒன்றுதானே?

பதில்: முதல் இரண்டும் ஒன்று. மூன்றாவது வேறு, உடனே மாற்றச் சொல்லுங்கள்.

ஒற்றிதான் நம் வாயில் ஒத்தி ஆனது, காற்று காத்தான மாதிரி. கொச்சை என்று நினைத்துவிடாதீர்கள், நிலத்தை விற்க, ஒற்றி வைக்க உரிமை தரும் பழைய கல்வெட்டுகளிலேயே இருக்கிற சொல். பொருள், அடமானம். அதாவது அந்த அம்மாவுக்கு நீங்கள் கடன் கொடுக்கிறீர்கள், வட்டிக்குப் பதிலாக அவர் வீட்டில் இருந்துகொள்கிறீர்கள். அப்படி அனுபவிப்பதால்தான் வடமொழி வழியில் அது போக்கியம். பத்திர ஆபீசில் 'சுவாதீன அடமானம்' என்பார்கள். சென்னையில் இதையே 'லீஸ்' என்கிறார்கள் பாருங்கள், வினையே அங்கேதான், லீஸுக்குத் தமிழ் தேடினால் அகராதி நேரே குத்தகையில் கொண்டுபோய் விடும்.

குத்தகைப் பணம் திரும்பாது. தாமிரபரணிப் பாசனத்தில் வயலைக் குத்தகைக்கு எடுத்தவர் பிசானப் பயிர் அறுத்ததும் நெல்லாகவோ ரூபாயாகவோ பேசினதை அளந்துவிட வேண்டியதுதான். (விளைந்ததைப் பங்கு போட்டால் அது வாரம்.) குளத்து மீனைக் குத்தகை எடுத்தவர், மீனையும் பிடித்துவிட்டு, கடைசியில் பணத்தைத் திருப்பிக் கேட்டுப் பார்த்திருக்கிறீர்களா?

அப்புறம், தாளில் ஒத்தி என்று எழுதினால் மட்டும் போதாது. 1882-ஆம் வருஷத்துச் சொத்துரிமை மாற்றுச் சட்டப்படி, 100 ரூபாயோ அதற்கு மேலோ உள்ள இந்த மாதிரி அடமானத்தைப் பதிவு செய்தாக வேண்டும், குறைந்தது இரண்டு சாட்சி கையெழுத்தும் வேண்டும். பதிவுச் செலவுக்குப் பயந்து நம் பக்கம் முத்திரைத்தாளில் எழுதி வாங்கிக்கொள்வதோடு சரி. வீட்டின் மேல் ஏற்கெனவே அடமானம் ஏதும் இருக்கிறதா என்று வில்லங்கச் சான்றும் போட்டுப் பாருங்கள். என் சித்தப்பா பார்க்கவில்லை. அவர் ஒத்திக்குப் போன வீடு அதற்கு முன்னாலேயே பேங்கில் அடமானத்தில் இருந்திருக்கிறது, ஒருநாள் காலையில் கதவில் நோட்டீஸ் ஒட்டிய பிறகுதான் அவருக்கே தெரியும். ஒத்தி எழுதிய அந்த இருபது ரூபாய் முத்திரைத்தாளை இன்னும் பீரோவில் மடித்து வைத்திருக்கிறார்.