ஒரே துறையில் வணிகமும் மருத்துவமனை நிர்வாகமும்: புதிய தலைவர் எங்கே தொடங்குவது?

கேள்வி: வணிக மேலாண்மைப் பேராசிரியரான நான் அண்மையில் துறைத்தலைவராகியிருக்கிறேன். மருத்துவமனை நிர்வாகப் படிப்பும் இதே துறையில்தான் இருக்கிறது. இரண்டுக்கும் ஒரே பாடத்திட்டம் போதும் என்கிறார்கள் சிலர். கூடவே கூடாது என்கிறார்கள் மற்றவர்கள். மருத்துவமனை அனுபவம் இல்லாத நான் எப்படி முடிவெடுப்பது?

பதில்: முடிவை ஒரு செமஸ்டர் தள்ளிவையுங்கள். அதற்குள் அனுமதி பெற்று, ஒரு மருத்துவமனை வார்டில் ஒரு முழு நாள் இருங்கள். காலை ரவுண்ட்ஸில், “இன்று வீட்டுக்குப் போகலாம்” என்பார் மருத்துவர். உடனிருப்பவர் பையைக் கட்டிவைத்துவிட்டு உட்கார்ந்திருப்பார். டிஸ்சார்ஜ் குறிப்பு தயாராக வேண்டும், மிச்ச மருந்து மருந்தகத்துக்குத் திரும்ப வேண்டும், பில் முடிய வேண்டும், காப்பீட்டு ஒப்புதல் வர வேண்டும். மாலையாகியும் படுக்கை காலியாகாது. அதற்காக அவசரப் பிரிவில் இன்னொருவர் காத்துக்கிடப்பார். அந்த நோயாளியின் கோப்பு எந்த மேசைக்கு எத்தனை மணிக்கு வந்தது, எப்போது நகர்ந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

அந்தக் குறிப்பை ஆசிரியர் கூட்டத்தில் வையுங்கள். செயல்பாட்டு மேலாண்மை ஆசிரியர், காத்திருப்பு வரிசைகளைப் பற்றி 1961-இல் ஜான் லிட்டில் என்ற அறிஞர் நிறுவிய வாய்பாட்டை அதில் கண்டுகொள்வார்: மணிக்கு 10 பேர் வந்து, ஒவ்வொருவரும் சராசரியாக அரை மணி நேரம் தங்கினால், உள்ளே எந்நேரமும் சராசரியாக 5 பேர் இருப்பார்கள். மருத்துவரின் கையெழுத்தை ஏன் அவசரப்படுத்த முடியாது என்பதை மருத்துவமனையிலிருந்து வந்த ஆசிரியர் சொல்வார். கணக்கியல், புள்ளியியல், செயல்பாட்டு மேலாண்மை ஆகியவற்றைத் தாராளமாகச் சேர்த்தே நடத்தலாம்.

சந்தைப்படுத்தலில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். ‘வாடிக்கையாளர்’ என்ற சொல்லை அழித்து ‘நோயாளி’ என்று எழுதினால் அது மருத்துவமனைப் பாடமாகிவிடாது. சிகிச்சையைத் தீர்மானிப்பவர் மருத்துவர், பெறுபவர் நோயாளி, பணம் கட்டுவது பல நேரங்களில் மூன்றாவது ஒருவர். மருத்துவம் ஏன் சாதாரணச் சந்தையைப் போல நடப்பதில்லை என்று பொருளாதார அறிஞர் கென்னத் ஆரோ 1963-லேயே விளக்கிவிட்டார். சிகிச்சையின் தரத்தைக் கட்டமைப்பு, செயல்முறை, விளைவு என்று மூன்றாகப் பிரித்துப் பார்க்கும், மருத்துவ அறிஞர் டொனபீடியனின் முறையும் (1966) ஒரு வகுப்பில் தொட்டுவிட்டுப் போகக்கூடியதல்ல. சுகாதாரப் பொருளாதாரம், தரம், மருத்துவ அறநெறி மூன்றும் தனித்தாள்களாகவே இருக்கட்டும்.

இரண்டு படிப்புகளும் ஒரு கூரையின்கீழ் இருப்பதைப் பற்றிக் கவலை வேண்டாம். 1934-இல் சிகாகோ பல்கலைக்கழகம் மருத்துவமனை நிர்வாக முதுநிலைப் படிப்பைத் தொடங்கியதும் வணிகப் பள்ளிக்குள்தான்.

துறைத்தலைவருக்கு உத்தரவிடும் அதிகாரம் குறைவு. ஆகவே கூட்டத்துக்கு முன்பே ஒவ்வொருவரையும் அவரவர் அறையில் போய்ப் பாருங்கள். எதிர்ப்பவரிடம் முதலில் போங்கள். இரு தரப்பிலிருந்தும் ஒருவராக, இரண்டு ஆசிரியர்கள் சேர்ந்து நடத்தும் ஒரு தாளையாவது இந்த ஆண்டே தொடங்குங்கள். அதற்கு முன், அந்த வகுப்பு நேரம் இருவரின் பணிநேரக் கணக்கிலும் முழுமையாக ஏறும் என்று நிர்வாகத்திடம் எழுத்தில் வாங்கிவிடுங்கள். பாதிப் பாதியாகக் கணக்கிட்டால், அடுத்த ஆண்டு அந்த வகுப்பில் ஒருவர்தான் இருப்பார்.