முறுக்கை விட்டு முந்திரிக்கு வந்தேன், எடை ஏன் கூடியது?

கேள்வி: எனக்கு வயது 38. ஈரோட்டில் வசிக்கிறோம். சாயங்காலம் டீயோடு பஜ்ஜி, முறுக்கு, மிக்சர் சாப்பிடும் பழக்கத்தை நிறுத்திவிட்டு மூன்று மாதமாக நட்ஸுக்கு மாறிவிட்டேன். பாதாம், முந்திரி, பிஸ்தா, வால்நட் எல்லாவற்றையும் கலந்து ஒரு டப்பாவில் போட்டு டிவி பக்கத்தில் வைத்திருக்கிறேன். எடை குறையும் என்று நினைத்தால் 2 கிலோ கூடியிருக்கிறது. ஒரு நாளைக்கு எவ்வளவுதான் சாப்பிடலாம்? பாதாமை ஊறவைத்துத் தோல் உரித்துத்தான் சாப்பிட வேண்டுமா? கணவருக்குச் சர்க்கரை இருக்கிறது, மாமியாருக்கு ஒருமுறை சிறுநீரகக் கல் வந்து போனது, மகளுக்கு 4 வயது. இவர்களுக்கும் கொடுக்கலாமா?

பதில்: முதலில் அளவைச் சொல்லிவிடுகிறேன். ஆரோக்கியமான பெரியவர் ஒருவருக்கு எல்லா வகையும் சேர்த்து ஒரு நாளைக்கு 30 கிராம் போதும். ஒவ்வொன்றிலும் 30 கிராம் என்று எடுத்துக்கொண்டுவிடாதீர்கள், மொத்தமே அவ்வளவுதான். பஜ்ஜியை விட்டு நட்ஸுக்கு வந்தது நல்ல முடிவு, அதை மாற்ற வேண்டாம். மாற வேண்டியது அந்த டப்பா இருக்கும் இடம்.

உங்கள் 2 கிலோவுக்குக் கணக்கு போட்டுப் பார்ப்போம். உடம்பில் 1 கிலோ கொழுப்பு சேர ஏறக்குறைய 7,700 கலோரி உபரியாக வேண்டும். 2 கிலோவுக்கு 15,400. இதை 90 நாளுக்கு வகுத்தால் நாளொன்றுக்கு 170 கலோரி சொச்சம் வருகிறது. 30 கிராம் முந்திரியில் சுமார் 165 கலோரி, பாதாமில் 175, வால்நட்டில் 195. உடம்பு கணக்குப்பிள்ளை மாதிரி இவ்வளவு துல்லியமாக நடந்துகொள்ளாது என்றாலும், விஷயம் புரிந்திருக்கும். பஜ்ஜியை நிறுத்தியதில் மிச்சமான கலோரியை ஈடுகட்டிவிட்டு, அதற்கு மேலும் தினம் ஒரு கைப்பிடி உள்ளே போயிருக்கிறது. டிவி பார்த்துக்கொண்டே டப்பாவில் கைவிட்டு இரண்டு முறை நன்றாக அள்ளினால் 80, 90 கிராம் வந்துவிடும். அது 500 கலோரி. எட்டு ஒன்பது இட்லிக்குச் சமம். எட்டு இட்லி சாப்பிட்டால் சாப்பிட்டது தெரியும். நட்ஸில் அது தெரியாது, ஏனென்றால் எடையில் பாதிக்குப் பாதி கொழுப்பு. பாதாமில் 100 கிராமுக்கு 50 கிராம், வால்நட்டில் 65 கிராம். நல்ல கொழுப்புதான், ஆனால் நல்ல கொழுப்புக்கும் கிராமுக்கு 9 கலோரிதான்.

"தினம் பத்து முந்திரி", "தினம் பத்து பாதாம்" என்று எண்ணிக்கையில் சொல்வது நம் வழக்கம். என்னிடம் ஆலோசனைக்கு வருகிறவர்களும் அப்படித்தான் கேட்பார்கள். இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. முந்திரி வாங்கும்போது பாக்கெட்டில் டபிள்யூ 180, டபிள்யூ 240, டபிள்யூ 320 என்று போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு பவுண்டு எடையில், அதாவது 454 கிராமில், ஏறக்குறைய எத்தனை பருப்பு நிற்கும் என்பதே அந்த எண். எண் சிறிதாக இருந்தால் பருப்பு பெரிது. சமையலறைத் தராசில் இரண்டு வகையையும் பத்துப் பத்தாக வைத்துப் பாருங்கள். 180-இல் பத்துப் பருப்பு 25 கிராம் காட்டும், 320-இல் பத்துப் பருப்பு 14 கிராம்தான். அதே "பத்து முந்திரி"தான், ஆனால் ஒன்றில் 140 கலோரி, இன்னொன்றில் 80-க்கும் குறைவு. கல்யாணத்துக்கு யாரோ கொடுத்த பரிசுப் பெட்டியில் கட்டைவிரல் தடிமனுக்கு முந்திரி இருந்தால் 12 எடுத்தாலே அன்றைய 30 கிராம் முடிந்தது. பண்ருட்டிப் பக்கத்திலிருந்து வரும் சிறிய பருப்பானால் இருபது வரை போகலாம்.

தராசு இல்லையா? ரைஸ் குக்கரோடு ஒரு பிளாஸ்டிக் அளவுக் கோப்பை வருமே, அதை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவாக, 50 மில்லி அளவுக்கு நட்ஸ் போட்டால் சுமார் 30 கிராம். பாதாம், முந்திரி, வறுத்த வேர்க்கடலை மூன்றுமே அந்த அளவில் ஏறக்குறைய ஒரே எடை வரும். அதை ஊறுகாய்க் கிண்ணம் ஒன்றில் கொட்டிப் பாருங்கள், எது வரைக்கும் நிற்கிறது என்று கண்ணுக்குப் பழகிவிடும். சாயங்காலம் அந்தக் கிண்ணத்தை நிரப்பி எடுத்துக்கொண்டு, டப்பாவை அலமாரியில் வைத்துவிட்டு அப்புறம் உட்காருங்கள். தோலோடு இருக்கும் பிஸ்தா வாங்கினால் இன்னும் நல்லது. அதில் ஏறக்குறைய பாதி எடை ஓடுதான், அதனால் 60 கிராம் வரை எடுக்கலாம். ஒவ்வொன்றாக உடைத்துத் தின்னும்போது வேகமும் தானாகக் குறையும், எதிரே குவிகிற ஓடே எவ்வளவு தின்றோம் என்று சொல்லிவிடும்.

30 கிராம் என்ற கணக்கு எங்கிருந்து வந்தது என்று சிலர் கேட்பார்கள். ஸ்பெயினில் இதயநோய் அபாயம் உள்ள 7,000-க்கும் மேற்பட்டவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ப்ரெடிமெட் ஆய்வில், ஒரு பிரிவினர் மத்தியதரைக்கடல் பாணி உணவோடு தினம் 30 கிராம் நட்ஸ் சாப்பிட்டார்கள். அதில் பாதி வால்நட், மீதி பாதாமும் ஹேசல்நட்டும். ஒப்பீட்டுக் குழுவைவிட அவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை சுமார் 30 சதவீதம் குறைந்தன. 2013-இல் வந்த அந்த முடிவில் ஆட்களைப் பிரித்த முறை பற்றிக் கேள்வி எழுந்தது, 2018-இல் திருத்தி மறுபடி வெளியிட்டபோதும் முடிவு பெரிதாக மாறவில்லை. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியும், 2,000 கலோரி உணவில் கொட்டைகள், விதைகள் எல்லாம் சேர்த்து 35 கிராம் என்கிறது. நாம் சட்னி, பொடி, மிட்டாய் என்று எள்ளையும் சேர்ப்பவர்கள். அதனால்தான் நட்ஸுக்கு 30 என்கிறேன்.

அதே வழிகாட்டியில் இன்னொரு எண்ணையும் பாருங்கள்: எண்ணெய், நெய் எல்லாம் சேர்த்து ஒருவருக்கு நாளொன்றுக்கு 27 கிராம். மூன்று பெரியவர்களும் ஒரு குழந்தையும் உள்ள உங்கள் வீட்டுக்கு மாதம் சுமார் 3 லிட்டர். உங்கள் மளிகைச் சீட்டில் எத்தனை லிட்டர் இருக்கிறது? நட்ஸை வழக்கமான சாப்பாட்டுக்கு மேலே ஏற்றினால் எடை ஏறத்தான் செய்யும். வேறொன்றை இறக்கிவிட்டு அந்த இடத்தில் வைக்க வேண்டும். குருமாவுக்கு அரைத்த முந்திரியும், வெண்பொங்கலில் நெய்யில் வறுத்துக் கொட்டிய முந்திரியும் இந்த 30 கிராமில்தான் சேரும். அன்றைக்குக் குருமா என்றால் சாயங்காலக் கிண்ணத்தைப் பாதியாக்குங்கள்.

நட்ஸ் கலோரி பற்றி ஆறுதலான செய்தி ஒன்றும் உண்டு. அமெரிக்க வேளாண் துறை ஆய்வாளர்கள் 2012-இல் பாதாமைக் கொடுத்து உடம்பில் எவ்வளவு சேருகிறது என்று அளந்தார்கள். 28 கிராமுக்கு 170 என்று கணக்கிட்டிருந்த இடத்தில் 129 கலோரிதான் சேர்ந்தது. பாதாமின் கெட்டியான செல் சுவருக்குள் கொழுப்பு அடைபட்டு, ஒரு பகுதி செரிக்காமலே வெளியேறிவிடுகிறது. முழுதாக மென்று தின்னும் பாதாமுக்குத்தான் இது. நைசாக அரைத்த பாதாம் பால், நட் பட்டர் என்று போனால் இந்தச் சலுகை பெரும்பாலும் போய்விடும்.

உங்கள் டப்பாவில் ஒன்று இல்லாததைக் கவனித்தேன். வேர்க்கடலை. மல்லாட்டை, மணிலாக்கொட்டை, நிலக்கடலை என்று ஊருக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறோம், ஆனால் "நட்ஸ்" என்று சொன்னதும் அதை மறந்துவிடுகிறோம். தாவர வகைப்படி அது துவரை, உளுந்தின் உறவுதான். ஆனாலும் சத்தில் நட்ஸோடு சரிசமமாக நிற்கிறது. 100 கிராமில் புரதம் சுமார் 26 கிராம். பாதாமில் 21, முந்திரியில் 18. விலையோ பாதாமின் பக்கத்தில்கூட வராது. வீட்டில் நான்கு பேருக்கும் தினமும் பாதாம் வாங்க முடியவில்லையே என்று வருத்தப்படுகிறவர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான்: வாரத்தில் நாலு நாள் கடலை, மூன்று நாள் மற்றவை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு குறையும் வராது.

அதிலும் பச்சைக் கடலையைத் தோலோடு உப்புப் போட்டு அவித்துத் தின்பது இருக்கிறதே, அது மிக நல்ல சாயங்காலத் தீனி. அவித்ததில் தண்ணீர் சேர்ந்துவிடுவதால் 100 கிராம் பருப்புக்கு 320 கலோரிக்குள்தான். வறுத்ததில் அது 570-ஐத் தாண்டும். ஓட்டை அமுக்கி, உள்ளே தங்கியிருக்கும் உப்புத் தண்ணீரை உறிஞ்சி, பருப்பை எடுத்துத் தின்று முடிப்பதற்குள் அரைமணி நேரம் ஓடிவிடும், வயிறும் நிறைந்திருக்கும். உப்பை மட்டும் குறைவாகப் போடுங்கள்.

மசாலாக் கடலையை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். கடலை மாவில் புரட்டி எண்ணெயில் பொரித்தெடுப்பது அது. நீங்கள் விட்டு வந்த பஜ்ஜிக்கே திரும்பிப் போகிறீர்கள். கடலை மிட்டாயும், அது 2020-இல் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டி கடலை மிட்டாயாகவே இருந்தாலும், வெல்லப்பாகில் செய்த இனிப்புதான். என்றைக்காவது ஒரு துண்டு சாப்பிடலாம். அதேபோல "ட்ரை ஃப்ரூட்ஸ்" என்று ஒரே பெட்டியில் வரும் திராட்சை, பேரீச்சை, அத்தி எல்லாம் நட்ஸ் ஆகா. உலர்திராட்சையில் 100 கிராமுக்கு 80 கிராம் வரை மாவுச்சத்து, பெரும்பகுதி சர்க்கரைதான். உங்கள் கணவர் அந்தக் கலவைப் பாக்கெட்டைத் தொடாமல் இருப்பது நல்லது.

சரி, ஊறவைப்பது பற்றி. தோலோடு சாப்பிட்டால் பாதாம் வேலை செய்யாது என்பது உண்மையில்லை. தோலில் நார்ச்சத்து இருக்கிறது. ஊறினால் மெல்ல எளிது, சிலருக்கு வயிற்றுக்கும் இதமாக இருக்கும், அவ்வளவுதான். பிடித்தால் ஊறவையுங்கள், பிடித்தால் உரியுங்கள். அளவை மட்டும் ஊறுவதற்கு முன்பே எடுத்துக்கொள்ளுங்கள், தண்ணீர் குடித்து எடை கூடிவிடும். நம் ஊர் வெயிலில் இரவு ஊறியதைக் காலையில் தின்றுவிட வேண்டும், மதியம் வரை வெளியே கிடக்கக் கூடாது.

கணவருக்கு நட்ஸ் பொருந்தும். ரத்தச் சர்க்கரையை அது சட்டென்று ஏற்றாது. முந்திரியில் மட்டும் மாவுச்சத்து கொஞ்சம் கூடுதல், அதனால் அவர் கிண்ணத்தில் கடலை, பாதாம், வால்நட் முன்னால் வரட்டும். முக்கியமாக ஒன்று. அவர் மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவராக இருந்து, சர்க்கரை இறங்கி வியர்த்துப் படபடத்தால் அந்த நேரத்தில் நட்ஸைக் கொடுக்காதீர்கள். கொழுப்பு மெதுவாகச் செரிப்பதால் அது உதவாது. மூன்று டீஸ்பூன் சர்க்கரையையோ குளுக்கோஸையோ தண்ணீரில் கலந்து உடனே கொடுக்க வேண்டும்.

மாமியாருக்கு வந்தது ஆக்சலேட் கல்லா என்று பழைய அறிக்கையைப் பாருங்கள். ஆக்சலேட் என்பது சில தாவர உணவுகளில் இருக்கும் ஒரு பொருள், அது கால்சியத்தோடு சேர்ந்து கல்லாகும். பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும். பாதாமில் ஆக்சலேட் மிக அதிகம், முந்திரியிலும் கணிசமாக இருக்கிறது. அந்த இரண்டையும் தினசரிப் பழக்கமாக்காமல், எதை எவ்வளவு எடுக்கலாம் என்று அவருடைய மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கல்லுக்குப் பயந்து பால், மோரை அவர் நிறுத்தியிருந்தால் அது தேவையில்லாத பத்தியம். சிறுநீரகமே பழுதடைந்தவர்களுக்குப் பொட்டாசியம், பாஸ்பரஸ் பிரச்சினையும் சேரும், அவர்கள் மருத்துவரைக் கேட்காமல் எதையும் தொடக் கூடாது.

மகளுக்கு முழு நட்ஸ் வேண்டாம். 5 வயது முடியும் வரை எந்தக் கொட்டையையும் முழுதாகக் கொடுக்காதீர்கள். சிரித்துக்கொண்டோ ஓடிக்கொண்டோ தின்னும்போது மூச்சுக்குழாயில் போய் அடைத்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. பொடித்துக் கஞ்சியிலோ பாலிலோ கலந்து கொடுங்கள், கடலைச் சட்னியாகத் தோசைக்கு வையுங்கள். புதிதாக ஒரு வகையைக் கொடுக்கும் நாளில் கொஞ்சமாகத் தொடங்குங்கள். உதடு, முகம் வீங்கினாலோ, தடிப்பு வந்தாலோ, தொடர்ந்து வாந்தி எடுத்தாலோ, மூச்சு இரைத்தாலோ உடனே மருத்துவமனைக்குக் கொண்டு போய்விடுங்கள்.

கடைசியாக, வாங்கி வைப்பது பற்றி. நான்கு வகையையும் ஒரே டப்பாவில் கொட்டி அறை வெப்பத்தில் வைத்திருக்கிறீர்கள். வால்நட்தான் முதலில் காறிப்போகும், அந்த வாடை மற்றதிலும் ஏறும். தனித்தனியாகக் காற்றுப் புகாத டப்பாவில் ஃப்ரிட்ஜில் வையுங்கள், பதினைந்து நாளுக்கு வேண்டியதை மட்டும் வாங்குங்கள். கடலையில் சுருங்கியது, கருத்தது, பூஞ்சை பிடித்தது, கசப்பது எதையும் வாயில் வைக்காதீர்கள். அதில் அஃப்ளடாக்ஸின் என்ற நஞ்சு இருக்கலாம், ஈரலைக் கெடுக்கும், தொடர்ந்து உள்ளே போனால் ஈரலில் புற்றுநோய் வரைக்கும் கொண்டு போகும். 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சம் வான்கோழிகள் செத்து விழுந்தபோது, தீவனத்தில் கலந்த கடலைப் புண்ணாக்கைத் துருவிப் பார்த்துத்தான் இந்த நஞ்சையே கண்டுபிடித்தார்கள். வறுத்தாலும் அது முழுதாக அழியாது. ஒரு பாக்கெட்டில் அப்படி நாலைந்து தென்பட்டால் பொறுக்கிவிட்டு மீதியை வறுக்கலாம் என்று பார்க்காமல் மொத்தத்தையும் கொட்டிவிடுங்கள்.