ஓ2 சென்சாரை மாற்றியும் எஞ்சின் லைட் அணையவில்லை

கேள்வி: வணக்கம் அண்ணே. என் காருக்கு எட்டு வயது. பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு ஜோகூர் போனபோது, உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடி வரிசையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றதில் வண்டி லேசாகக் குலுங்கி எஞ்சின் லைட் எரிந்தது. வொர்க்‌ஷாப்பில் பி0171 என்று பிழைக் குறியீடு (கோட்) வந்தது, எக்ஸாஸ்டில் ஆக்சிஜனை அளக்கும் ஓ2 சென்சாரை மாற்றினார்கள். ஒரே வாரத்தில் மறுபடியும் எரிகிறது. இப்போது இன்னொரு இடத்தில் எஞ்சினுக்குள் காற்றைப் பிரித்து அனுப்பும் இன்டேக் மேனிஃபோல்டையே மாற்ற வேண்டும், கூலியோடு ஆயிரம் வெள்ளிக்கு (டாலருக்கு) மேல் ஆகும் என்கிறார்கள். சிஓஇ (சிங்கப்பூரில் கார் வைத்திருப்பதற்கான உரிமச் சான்றிதழ்) முடிய இரண்டு வருடம்தான் இருக்கிறது. மாற்றலாமா?
வாசகர், யீஷூன்

பதில்: இப்போதைக்கு வேண்டாம். எனக்கும் சந்தேகம் மேனிஃபோல்டு பக்கம்தான், ஆனால் காற்று எங்கே கசிகிறது என்று இதுவரை யாரும் உங்களுக்குக் காட்டவில்லை. அதைக் கண்ணால் பார்க்காமல் ஆயிரம் வெள்ளியை எடுத்துக் கொடுக்காதீர்கள்.

பி0171 என்றால் பெட்ரோல் குறைவு, காற்று அதிகம், அவ்வளவுதான். எந்தப் பாகம் கெட்டது என்று அது சொல்வதில்லை. எக்ஸாஸ்டில் ஆக்சிஜன் மிஞ்சுகிறது என்று உங்கள் பழைய சென்சார் உண்மையைத்தான் சொல்லியிருக்கும், பாவம் அதைப் பிடுங்கிப் போட்டுவிட்டார்கள். பிழைக் குறியீட்டை அழித்தால் கம்ப்யூட்டர் முதலிலிருந்து கற்றுக்கொண்டு, பெரும்பாலான வண்டிகளில் அடுத்தடுத்த இரண்டு ஓட்டத்தில் அதே தவறைப் பார்த்த பிறகுதான் விளக்கைப் போடும். ஒரு வாரம் சும்மா இருந்தது அதனால்தான்.

வரிசையில் நின்றபோது குலுங்கியது என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் முக்கியமான துப்பு. ஐட்லிங்கில் (வண்டி நின்றபடி எஞ்சின் ஓடும்போது) காற்றை உள்ளே விடும் த்ராட்டில் ஏறக்குறைய மூடியிருக்கும், மேனிஃபோல்டுக்குள் உறிஞ்சல் பலமாக இருக்கும், சின்ன விரிசல் இருந்தாலும் ஏர்ஃப்ளோ சென்சார் அளக்காத காற்று அதன் வழியாக உள்ளே புகுந்துவிடும். வேகமாகப் போகும்போது எஞ்சின் இழுக்கும் மொத்தக் காற்றில் இந்தக் கசிவு ஒரு பொருட்டே இல்லை.

இதை நீங்களே சோதிக்கலாம். ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் ஓபிடி சாக்கெட்டில் (எஞ்சின் கம்ப்யூட்டரைப் படிக்கும் இணைப்பு) ஒரு புளூடூத் ஸ்கேனரைச் செருகி, எஞ்சின் சூடானதும் ஏர்கானை அணைத்துவிட்டு, ஃபோனில் ஷார்ட் டெர்ம், லாங் டெர்ம் ஃபியூல் ட்ரிம் (கம்ப்யூட்டர் பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டிக் குறைக்கிறது என்ற கணக்கு) இரண்டையும் கூட்டிப் பாருங்கள். பத்து சதவீதத்துக்குள் இருந்தால் கவலை இல்லை. ஐட்லிங்கில் 20 காட்டி, ஆக்சிலரேட்டரை மிதித்து 2500 ஆர்பிஎம்மில் நிறுத்தியதும் 5 பக்கம் இறங்கினால் காற்றுக் கசிவு என்று ஏறக்குறைய முடிவு செய்துவிடலாம். தலைகீழாக, மிதிக்க மிதிக்க ஏறினால் பெட்ரோல் பம்ப்பையோ அழுக்கான ஏர்ஃப்ளோ சென்சாரையோ பார்க்க வேண்டும், மேனிஃபோல்டைத் தொடவே வேண்டாம்.

அப்புறம் மெக்கானிக்கிடம் ஸ்மோக் டெஸ்ட் கேளுங்கள். இன்டேக்குக்குள் புகையை அடைத்தால் ஓட்டை இருக்கும் இடத்தில் அது வெளியே வரும். போன வருடம் இதே மாதிரி மேனிஃபோல்டு மாற்றச் சொல்லி அனுப்பப்பட்ட ஒரு வண்டியில் புகை விட்டுப் பார்த்தோம். மேனிஃபோல்டுக்குப் பின்னால், எஞ்சினுக்குள் சேரும் வாயுவை இன்டேக்குக்குத் திருப்பும், கட்டைவிரல் பருமனுள்ள ஒரு பிசிவி ரப்பர் குழாயின் அடியிலிருந்து நூல் மாதிரி கிளம்பியது. மேலே பார்த்தால் குழாய் புதுசு போல இருந்தது, விரலால் அழுத்தியதும் அடிப்பக்கம் வாய் பிளந்தது, எண்ணெய் ஊறி ரப்பர் பிசுபிசு என்று கையில் ஒட்டியது. குழாய் இருபது வெள்ளிகூட இல்லை.

மேனிஃபோல்டு எஞ்சினில் சேரும் இடத்தில் புகை வந்தால் இடையில் அடைக்கும் கேஸ்கட்டை மட்டும் மாற்றினால் போதும், கழற்றி மாட்டும் கூலிதான் அதிகம். பிளாஸ்டிக் உடம்பிலேயே விரிசல் என்றால் மாற்றத்தான் வேண்டும். பி2004, பி2015 மாதிரி கோடுகள் வந்தால் கதை வேறு, அது மேனிஃபோல்டுக்குள் காற்றுப் பாதையை மாற்றும் ஃபிளாப் (மடல்) பற்றியது. அங்கேயும் வெளியில் தெரியும் லிங்க் கழன்றிருக்கிறதா, ஃபிளாப்பை அசைக்கும் அக்சுவேட்டர் வேலை செய்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.

ஒரு விஷயம் கண்டிப்பாகச் சொல்கிறேன். வீடியோவில் காட்டுகிறார்கள் என்று ஓடுகிற எஞ்சின் மேல் கார்ப் கிளீனர் ஸ்ப்ரே அடித்துக் கசிவு தேடாதீர்கள். சூடான எக்ஸாஸ்டில் பட்டால் தீப்பிடிக்கும், அதுவும் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி கார் பார்க்கில்! ஒன்பதாம் வருட இன்ஸ்பெக்‌ஷனுக்கு முன்னால் இதை முடித்துவிடுங்கள்.

கேள்வி: எஞ்சின் லைட் நிலையாக எரியாமல் விட்டு விட்டு மின்னுகிறது. வொர்க்‌ஷாப் வரை ஓட்டலாமா?
வாசகி, பிடோக்

பதில்: ஓட்டாதீர்கள். மின்னினால் மிஸ்ஃபயர் கடுமையாக இருக்கிறது, எரியாத பெட்ரோல் எக்ஸாஸ்ட் புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் அதையே எரித்துவிடும். விரைவுச்சாலையில் இருந்தால் வேகத்தைக் குறைத்து ஓரமாக நிறுத்தி, ஹஸார்ட் லைட் போட்டு, தடுப்புக்கு அப்பால் பத்திரமாக நில்லுங்கள். விரைவுச்சாலையில் ஈமாஸ் (விரைவுச்சாலைக் கண்காணிப்புச் சேவை) மீட்பு வண்டி அருகிலுள்ள கார் பார்க் வரை இலவசமாக இழுத்துப் போகும், அங்கிருந்து வொர்க்‌ஷாப்புக்கு டோ வண்டி ஏற்பாடு செய்யுங்கள்.