கூச்சப்படும் பூனைக்குட்டிக்கு வீடு பார்ப்பது: கேள்விகளும் பதில்களும்

பாளையங்கோட்டையில் என் வீட்டுப் பின்னறையில் எப்போதும் ஏதாவது ஒரு பூனைக்குட்டி இருக்கும். தெருவிலும் மார்க்கெட்டிலும் கிடைப்பவற்றைத் தூக்கி வந்து, தேற்றி, நல்ல வீடாகப் பார்த்துக் கொடுப்பதைப் பதினோரு வருடமாகச் செய்கிறேன். தைரியமான குட்டிகளுக்கு நான் அதிகம் மெனக்கெட வேண்டியதில்லை, வந்தவர் மடியில் ஏறி உட்கார்ந்து அவையே வீடு பிடித்துக்கொள்ளும். பீரோவுக்குப் பின்னால் ஒளியும் குட்டிக்குத்தான் நாம் ஆள் பார்க்க வேண்டும். அதைப் பற்றி வந்த கேள்விகள் இவை.

கேள்வி (பெருமாள்புரம்): அக்கா, ஒன்பது வாரப் பெண் குட்டி. மூன்று வாரமாக என்னிடம் இருக்கிறது. என்னிடம் நன்றாக வருகிறது, ஆனால் யாராவது பார்க்க வந்தால் கட்டிலுக்கு அடியில் போய்விடும். நான்கு குடும்பம் வந்து பார்த்துவிட்டு "இது ஒட்டாது" என்று போய்விட்டார்கள்.

பதில்: உங்களிடம் வருகிறது என்றால் பாதி வேலை முடிந்தது, கவலைப்படாதீர்கள். பூனைக்குட்டி மனிதரைப் பழகிக்கொள்ளும் காலம் பிறந்து இரண்டாவது வாரத்திலிருந்து ஏழாவது வாரம் வரை. அந்த நாட்களில் மனிதக் கை படாமல் வளர்ந்த குட்டி பிறகும் பழகும், ஆனால் ஒவ்வொரு ஆளாகத்தான் பழகும். நீங்கள் அதற்கு முதல் ஆள். இரண்டாவது ஆளை நாம் சரியாக அறிமுகம் செய்ய வேண்டும்.

குடும்பத்தோடு வர விடாதீர்கள். ஒருவர் மட்டும் வரட்டும், அதுவும் குட்டி சாப்பிடும் நேரத்துக்கு. வந்தவர் நாற்காலியில் வேண்டாம், தரையில் சுவரில் சாய்ந்து உட்காரட்டும். குட்டியை நேராக முறைத்துப் பார்க்கக் கூடாது. கண்ணில் பட்டால் மெதுவாகக் கண்ணை மூடித் திறக்கச் சொல்லுங்கள், பூனைக்கு அது "நான் உன்னை ஒன்றும் செய்யமாட்டேன்" என்கிற பாஷை. நீங்கள் அவரோடு சாதாரணமாகப் பேசிக்கொண்டிருங்கள். விளக்குமாற்று ஈர்க்கு ஒன்றில் துணி நாடாவைக் கட்டி அவர் கையில் கொடுத்து, தரையோடு மெல்ல இழுக்கச் சொல்லுங்கள். பயந்த குட்டிகூட நாடாவைப் பார்த்தால் முன்காலை நீட்டும். (விளையாடி முடிந்ததும் நாடாவை எடுத்து வைத்துவிடுங்கள், விழுங்கினால் குடலில் சிக்கும்.) உப்புப் போடாமல் வேகவைத்த கோழியைத் துணுக்குத் துணுக்காகத் தன் கால் பக்கத்தில் வைக்கட்டும். எக்காரணம் கொண்டும் கட்டிலுக்கு அடியில் கைவிட்டு இழுத்து வந்து காட்டாதீர்கள். நானே ஆரம்பத்தில் அப்படிச் செய்திருக்கிறேன், மூன்று வாரம் சேர்த்து வைத்த நம்பிக்கை ஒரே நிமிடத்தில் போய்விடும்.

முதல் தடவை குட்டி வெளியே வராமலே போகலாம். அதற்காக வருத்தப்படாதீர்கள், அவரை இன்னொரு நாள் வரச் சொல்லுங்கள். நான் ஆளைத் தேர்ந்தெடுப்பதே இந்த இரண்டாவது வருகையை வைத்துத்தான். குட்டியின் வாலைக்கூடப் பார்க்காமல் முக்கால் மணி நேரம் உட்கார்ந்துவிட்டு, மறுநாள் போன் செய்து "நான் வைத்த கோழியைச் சாப்பிட்டதா?" என்று கேட்கிறாரே, அவருக்குத்தான் கொடுப்பேன். எனக்குப் பூனை என்றால் உயிர் என்று வாசலிலேயே சொல்பவர்களைவிட இவர்களிடம் போன குட்டிகளே நன்றாக இருக்கின்றன.

கேள்வி (மேலப்பாளையம்): வாட்ஸப்பில் போட என்ன எழுதலாம்? பயப்படும் என்று எழுதினால் யாரும் கேட்கமாட்டார்களே?

பதில்: கேட்பவர் குறைவார்கள், உண்மை. ஆனால் வருகிற இரண்டு பேரும் தெரிந்து வருவார்கள். மறைத்துக் கொடுத்தால் ஒரு வாரத்தில் குட்டி திரும்பி வரும், பயம் இரண்டு மடங்காக. அது என்ன செய்யாது என்பதை ஒரு வரியில் எழுதிவிட்டு, என்ன செய்யும் என்பதை நாலு வரி எழுதுங்கள். நான் கடைசியாக எழுதியது இப்படி: "புது ஆளைக் கண்டால் ஒளியும். விளக்கை அணைத்த பிறகு வந்து கால்மாட்டில் படுக்கும். சாளை மீன் வாசனைக்கு எந்த இடத்திலிருந்தும் ஓடி வரும். மணல் தட்டில்தான் போகும், ஒரு நாளும் தவறியதில்லை. சத்தமில்லாத வீடு வேண்டும்." மூன்று பேர்தான் கேட்டார்கள், மூன்று பேருமே நல்லவர்கள்.

படத்தை நின்றுகொண்டு எடுக்காதீர்கள், மேலிருந்து எடுத்தால் எந்தக் குட்டியும் மிரண்டதுபோலத்தான் விழும். தரையோடு படுத்து, அது ஈர்க்கோடு விளையாடும்போது எடுங்கள்.

கேள்வி (தச்சநல்லூர்): என்னிடம் இருப்பது முழுக் கருப்பு. சகுனம் பார்க்கிறார்கள், அக்கா.

பதில்: எனக்கும் இது மனசு வலிக்கிற விஷயம் தம்பி. சகுனம் பார்ப்பவரோடு வாதம் செய்து கொடுக்காதீர்கள். அந்த வீட்டில் யாருக்காவது காய்ச்சல் வந்தாலும் பழி குட்டி தலையில் விழும். கேட்பவர் சம்மதித்தால் மட்டும் போதாது, வீட்டில் ஆச்சி, தாத்தா இருந்தால் அவர்களும் ஒரு தடவை வந்து பார்க்கட்டும். இரண்டு தடவை ஆச்சிகளே மனசு மாறித் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். கருப்புக் குட்டியை ஜன்னல் பக்கத்தில் காலை வெளிச்சத்தில் வைத்துப் படம் எடுங்கள், கண் தெரிய வேண்டும். இல்லையென்றால் வெறும் கருப்புப் பந்துதான் தெரியும்.

கேள்வி (கேடிசி நகர்): சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்குக் கொடுக்கலாமா?

பதில்: ஐந்து வயதுக்குக் கீழே என்றால் கூச்சப்படும் குட்டி வேண்டாம். அந்தப் பிள்ளைகள் மேல் தப்பில்லை, ஓடுவதும் கத்துவதும் அவர்கள் இயல்பு. அப்படிப்பட்ட வீட்டுக்குத் தைரியமான குட்டியைக் கொடுங்கள். ஆனால் பத்து வயதுப் பிள்ளை, அதுவும் தனியாக உட்கார்ந்து படிக்கிற பிள்ளை என்றால் அதைவிட நல்ல ஆள் கிடைக்காது. உங்கள் பக்கத்திலேயே ஒரு சிறுமி, குட்டி ஒளிந்திருந்த மேசைக்குப் பக்கத்தில் தினமும் உட்கார்ந்து தமிழ்ப் பாடத்தைச் சத்தமாகப் படித்துக்கொண்டே இருந்தாள். நான் சொல்லிக் கொடுத்தது அவ்வளவுதான். பதினொன்றாம் நாள் குட்டி வந்து அவள் புத்தகத்தின் மேல் உட்கார்ந்துவிட்டது என்று அவள் அம்மா போனில் சொல்லும்போது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

கேள்வி (திருநெல்வேலி டவுண்): வீட்டைப் போய்ப் பார்க்க வேண்டும் என்கிறீர்கள். என்ன பார்க்க வேண்டும்? கேட்கவே சங்கடமாக இருக்கிறது.

பதில்: சங்கடப்படாதீர்கள், குட்டியைக் கொண்டுவந்து விடுகிற சாக்கில் போங்கள். ஆனால் கையில் குட்டி இருந்தாலும், சரியில்லை என்று தோன்றினால் திரும்பக் கொண்டுவரும் மனத்திடம் வேண்டும்.

உங்கள் டவுண் பக்கத்து வளவு வீடுகளில் சுவரோடு சுவர் ஒட்டி ஓட்டுக்கூரைதான், முதல் வீட்டில் ஏறிய குட்டி நாலாவது வீட்டில்தான் இறங்கும். அதனால் முதல் சில வாரம் அடைத்து வைக்க ஒரு தனி அறை இருக்கிறதா என்று பாருங்கள். ஜன்னலுக்கு வலை உண்டா, புறவாசலில் கிணறு இருந்தால் மூடி உண்டா, எலிக்கு மருந்து வைக்கிறார்களா (மருந்து தின்ற எலியைத் தின்றால் பூனையும் செத்துப்போகலாம்), நாய் இருந்தால் கட்டிப்போடுவார்களா, இதெல்லாம் கேளுங்கள். தரை துடைக்க ஃபினாயில் போடுகிறார்களா என்றும் கேளுங்கள். அது பூனைக்கு விஷம், பாதத்தில் ஒட்டியதை நக்கித்தான் உள்ளே போகும். இதை முக்கால்வாசிப் பேர் அறிந்திருக்கமாட்டார்கள், சொன்னால் உடனே மாற்றிக்கொள்கிறார்கள்.

நான் ஒரு தடவை அவசரப்பட்டேன். நல்ல மனிதர், நல்ல வீடு, ஆனால் ஜன்னலைப் பார்க்கவில்லை. முதல் ராத்திரியே குட்டி வெளியே போய்விட்டது. ஐந்து நாள் கழித்து இரண்டு தெரு தள்ளி ஒரு மோட்டார் ரூமில் கிடைத்தது, எலும்பும் தோலுமாக. அன்றிலிருந்து ஜன்னலைப் பார்க்காமல் கொடுப்பதில்லை.

கேள்வி (வண்ணார்பேட்டை): கேட்பவர் வீட்டில் இரண்டு மாதத்துக்கு முன் ஒரு பூனைக்குட்டி இறந்திருக்கிறது. கொடுக்கலாமா?

பதில்: எப்படி இறந்தது என்று கேளுங்கள். வாந்தி, பேதி, சாப்பாடு எடுக்காமல் இரண்டு மூன்று நாளில் போனது என்றால் பூனைக்கு வரும் பார்வோ என்ற வைரஸ் நோயாக இருக்கலாம். அந்தக் கிருமி வீட்டுக்குள் ஒரு வருடம்வரைகூடத் தாங்கும். தடுப்பூசி முடியாத குட்டியை அங்கே அனுப்பாதீர்கள். எட்டாவது வாரத்தில் முதல் ஊசி, மூன்று நான்கு வாரம் கழித்து அடுத்தது, நான்கு மாதம் ஆகும்வரை இப்படிப் போடச் சொல்வார்கள். மூன்று மாதம் ஆனதும் வெறிநோய்க்கான ஊசி தனி. அவர்கள் காத்திருக்கட்டும், அதற்குள் தரையைப் ப்ளீச்சிங் பவுடர் கரைசலால் கழுவி, நல்ல தண்ணீர் விட்டு அலசிக் காயவிடட்டும். பழைய தட்டு, துணி எல்லாவற்றையும் எறிந்துவிடச் சொல்லுங்கள். ஊசிக்கும் ஆலோசனைக்கும் ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோகலாம். குட்டிக்குக் காய்ச்சல் என்று யாரும் தாங்களாகப் பாராசிட்டமால் கொடுத்துவிட வேண்டாம், பூனைக்கு ஒரு மாத்திரையே உயிரை எடுக்கும்.

கேள்வி (பேட்டை): எங்கள் அண்ணாச்சி நெல் குடோனில் எலி பிடிக்கக் கேட்கிறார். கூச்சப்படும் பூனைதானே, ஆள் இல்லாத இடம் அதற்கு நல்லதுதானே?

பதில்: வேண்டாம். ஆளைப் பார்த்துப் பயப்படுகிற குட்டிக்கு ஆளே வேண்டாம் என்று அர்த்தமில்லை. இரண்டு மாதக் குட்டி எலியும் பிடிக்காது, லாரி வந்து போகிற இடத்தில் அதுதான் அடிபடும். அண்ணாச்சிக்குப் பூனை வேண்டுமென்றால், கருத்தடை செய்த வளர்ந்த தெருப்பூனை இரண்டுக்குத் தினமும் சாப்பாடும் ஒதுங்க இடமும் கொடுக்கட்டும், அவையே குடோனைப் பார்த்துக்கொள்ளும்.

கேள்வி (அம்பாசமுத்திரம்): அண்ணன் தங்கை இரண்டு குட்டி. அண்ணன் துறுதுறு, தங்கை பயந்தது. பிரிக்கலாமா?

பதில்: சேர்த்துக் கொடுக்க முடிந்தால் சேர்த்தே கொடுங்கள், துணை இருந்தால் தங்கை சீக்கிரம் வெளியே வரும். ஒரு விஷயம் கவனியுங்கள்: சில சமயம் பயந்த குட்டி அண்ணன் முதுகுக்குப் பின்னாலேயே ஒளிந்து மனிதரிடம் வராமலே வளர்ந்துவிடும். தினமும் ஒரு மணி நேரம் அதை மட்டும் தனி அறையில் வைத்து நீங்கள் கூட உட்காருங்கள்.

கேள்வி (வள்ளியூர்): கேட்கும் வீட்டில் மருமகள் மாசமாக இருக்கிறாள். பூனை ஆகாது, முடி வயிற்றில் போனால் மூச்சு இழுப்பு வரும் என்கிறார்கள்.

பதில்: இரண்டும் வேறு வேறு. கர்ப்பிணிக்கு ஆபத்து பூனையின் மலத்தில் இருக்கக்கூடிய ஒரு கிருமியால். மலம் வெளியே வந்து ஒரு நாளாவது ஆன பிறகுதான் அது தொற்றும். அதனால் மணல் தட்டை வேறு யாராவது தினமும் சுத்தம் செய்தால் பெரும்பாலும் போதும், டாக்டரிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளட்டும். இழுப்பு, தும்மல் எல்லாம் பூனையின் எச்சிலிலும் தோலிலும் உள்ள ஒரு புரதத்தால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு வருவது, முடி வயிற்றில் போவதால் அல்ல. இதற்கு முன் பூனை உள்ள வீட்டில் தங்கித் தும்மல் வந்ததா என்று கேளுங்கள். ஆனாலும் வீட்டில் ஒருவர் அரை மனதாக இருந்தால், பிரசவம் முடியட்டும் மதினி என்று அன்பாகச் சொல்லிவிடுவேன். குழந்தை வந்த சத்தத்தில் இந்தக் குட்டியும் திண்டாடும்.

கேள்வி (நாங்குநேரி): எப்போது அனுப்பலாம்? எதில் அனுப்பலாம்?

பதில்: எட்டு வாரத்துக்கு முன் எந்தக் குட்டியையும் அனுப்பாதீர்கள், பயந்த குட்டியைப் பத்துப் பன்னிரண்டு வாரம் வைத்திருந்தாலும் நஷ்டமில்லை. தீபாவளிக்கு முந்தைய இரண்டு வாரம் அனுப்பவே வேண்டாம். அந்த ஊரில் கோயில் கொடை எப்போது என்றும் கேட்டுக்கொள்ளுங்கள், மைக் செட்டும் மேளமும் மூன்று நாள் முழங்கும்போது புது வீட்டில் ஒரு குட்டி இருந்தால் அது பாவம்.

கையில் வைத்துக்கொண்டு பைக்கில் போகக் கூடாது, மூடியைக் கட்டிய கூடைதான். நான் ஒவ்வொரு குட்டிக்கும் ஒரு பனை ஓலைப்பெட்டியைச் சாய்த்து வைத்துப் படுக்கப் பழக்குவேன், போகும்போது அந்தப் பெட்டி, அதிலுள்ள பழைய சேலைத் துண்டு, அது உபயோகித்த மணலில் இரண்டு கை எல்லாம் கூடவே போகும். புது வீட்டில் தன் வாசனை இருந்தால் அன்று ராத்திரியே சாப்பிடும். அறைக்குள் பெட்டியை மூலையில் வைத்துவிட்டு எல்லோரும் வெளியே வந்துவிட வேண்டும். ஒரு நாள் முழுக்கச் சாப்பிடவில்லை என்றால் எனக்குச் சொல்லச் சொல்வேன். பயத்தில் யாரையாவது கடித்துவிட்டால் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்பதையும் சொல்லி அனுப்புங்கள்.

கேள்வி (சமாதானபுரம்): நாளை மறுநாள் கொடுக்கிறேன் அக்கா. மனசே இல்லை. கொடுத்த பிறகு அடிக்கடி விசாரித்தால் தப்பாக நினைப்பார்களா?

பதில்: முதலிலேயே சொல்லிவிட்டால் நினைக்கமாட்டார்கள். மூன்றாம் நாளும் பத்தாம் நாளும் கூப்பிடுவேன், முடியவில்லை என்றால் எந்த நேரத்திலும் என்னிடமே திருப்பிக் கொடுங்கள், ஒரு வார்த்தை கேட்கமாட்டேன் என்று கையைப் பிடித்துச் சொல்லுங்கள். திருப்பிக் கொடுத்தால் ஏதாவது கேட்பார்களோ என்ற பயத்தில்தான் சிலர் ரோட்டில் விட்டுவிடுகிறார்கள். பெண் குட்டி என்றால் கருத்தடையை நான்காவது ஐந்தாவது மாதத்தில் செய்ய ஒப்புக்கொண்ட பிறகு கொடுங்கள், நான்கு மாதத்திலேயே சினைப்பட்ட பூனையைப் பார்த்திருக்கிறேன். அப்புறம், அடுத்த ஊசித் தேதியை ஒரு சீட்டில் எழுதி ஓலைப்பெட்டிக்குள் வையுங்கள். அந்தத் தேதிக்கு முந்தின நாள் நீங்கள் போன் செய்தால் யாரும் எதுவும் நினைக்கமாட்டார்கள்.